மகள் வாய் வழியாக

காதில் ஒரு குறையும் இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தொண்டையும் சரியாக இருக்கிறதாம். நாக்கும் சரியாக இருக்கிறதாம். எல்லாம் சரியாக இருக்கிற ஒன்பது வயதுப் பெண், மழைக்காலம் தொடங்கியதிலிருந்து ஏன் வாயே திறக்கவில்லை என்பதைப் பற்றி மட்டும் ஒருத்தரும் ஒரு வரி எழுதவில்லை. குழந்தை மருத்துவர் மில்ட்ரெட் அந்தக் காகிதத்தை எறியாத குறையாக மேசைமேல் போட்டாள்.

எதிரில் பெண்ணின் தாய் ருக்மிணி உட்கார்ந்திருந்தாள். கட்டட வேலைக்குப் போகிறவள் என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது. சிமெண்ட் தின்ற விரல்கள். மில்ட்ரெட் மராத்தியில் சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டினாள். பயப்பட ஒன்றுமில்லை என்றாலும் ஆட்டினாள், மறுபடி வரவேண்டும் என்றாலும் ஆட்டினாள். வெளியே பெஞ்சு நிறையக் கூட்டம். ஒரு கைக்குழந்தை வீறிட்டது. மில்ட்ரெட்டுக்குப் பொறுமை போயிற்று. பெண்ணின் பக்கம் திரும்பி, தாயைக் கையால் காட்டி, "காது நல்லா இருக்குன்னு உங்க அம்மாவுக்கு எடுத்துச் சொல்லு" என்று மராத்தியிலேயே சொன்னாள்.

அந்தப் பெண் நீலா தலை குனிந்துகொண்டாள்.

ருக்மிணி முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். தனக்குத்தானே பேசுகிற மாதிரி, ஆனால் நன்றாகக் காதில் விழும்படி, தமிழில் சொன்னாள்.

"பேசாத புள்ளைய வைத்தியத்துக்குக் கூட்டியாந்தா, அந்தப் புள்ளகிட்டயே சொல்லச் சொல்லுது இந்தம்மா. நல்லா இருக்குது போ வைத்தியம்."

மில்ட்ரெட்டின் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

"நீங்க தமிழா?"

ருக்மிணி நின்ற இடத்தில் நின்றாள். "ஆத்தூருப் பக்கம்ங்க."

"போன தடவையே சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க கேக்கலியே மேடம். நீங்களும் தமிழுன்னு எனக்கு என்னா தெரியும்? டாக்டருங்க எல்லாம் அவங்க பாசைலதான் பேசுவாங்க."

ருக்மிணி, நீலா. இந்தப் பேர்கள் பூனாவில் தெருவுக்கு நாலு மராத்திக்காரர்களுக்கு இருக்கின்றன. போன தடவை இவர்கள் வந்தபோது மழை, கூட்டம், கரண்ட் வேறு போய்விட்டது. மில்ட்ரெட் பேரைப் பார்த்தாள், மராத்தியில் இரண்டு கேள்வி கேட்டாள், தாய் தலையாட்டினாள், காதுப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள். வேலை முடிந்தது. திருநெல்வேலியிலிருந்து தாத்தா காலத்தில் கட்கி கண்டோன்மெண்டுக்கு வந்த குடும்பம் மில்ட்ரெட்டுடையது. இன்றைக்கும் வீட்டில் தமிழ்தான். அந்தத் தமிழை கிளினிக் வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருகிறாள் போலிருக்கிறது. ஒரு தமிழச்சிக்கு முன்னால் இன்னொரு தமிழச்சி ஊமையாகத் தலையாட்டியிருக்கிறாள். அந்தக் கோபம் முதலில் தன்மேல்தான் வந்தது.

"உக்காருங்க" என்றாள். "மொதல்ல இருந்து சொல்லுங்க. என்ன நடந்துச்சு?"

ருக்மிணி மகளைப் பார்த்தாள். மில்ட்ரெட் மணியடித்து, கிளினிக்கில் ஆயா வேலை பார்க்கும் மௌஷியைக் கூப்பிட்டு, பிள்ளையை வெளியே கூட்டிப்போய் மீன்தொட்டியைக் காட்டச் சொன்னாள். கதவு சாத்தியதும் ருக்மிணி கொட்டத் தொடங்கினாள்.

புருஷன் பேர் பரமசிவம். போசரியில் இரும்பு வார்க்கிற பட்டறையில் உலைக்குப் பக்கத்தில் வேலை. சம்பளம் வந்த அன்றைக்குக் குடித்துவிட்டு வந்து, கூட வேலை செய்கிறவர்கள் முன்னால் இவளை அடித்திருக்கிறான். இவள் ஊரிலிருக்கும் அவன் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். அண்ணன் அவனைக் கிழிகிழி என்று கிழித்திருக்கிறார். அன்றைக்கு, "இனிமே இவகூட ஒரு வார்த்த பேசுனேன்னா நான் ஆம்பள இல்ல" என்றானாம். இவளும் விடவில்லை. "நீ பேசலன்னா எனக்கென்ன, கதவு பேசாதா, சொவரு பேசாதா" என்றாளாம்.

"ஒரே ரூம்புதாங்க வீடு. சோறு போடணும், தண்ணி புடிக்கணும், பேசாம எப்பிடி முடியும்? நீலாகிட்ட சொல்லுவாரு. 'சோறு போடச் சொல்லு.' நானும் அவகிட்டதான் சொல்லுவேன். 'கொழம்பு இல்ல, ரசந்தான்னு சொல்லு.' அவருக்கும் எனக்கும் நடுவுல அவதான் உக்காந்திருப்பா."

"உங்க ரெண்டு பேருக்கும் காது கேக்கும்லா?"

"கேக்குந்தான்."

"ஒரே அறையில இருக்கீங்க. அவர் சொல்லுதது உங்களுக்குக் கேக்குது. அதையே பிள்ள மறுபடி உங்களுக்குச் சொல்லணும்."

"ஆமாங்க. அவ சொன்னாத்தான் நான் எந்திரிப்பேன்."

எங்கே பார்த்தாலும் நடக்கிற கூத்துதான் இது. புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ளாத வீட்டில் பிள்ளைதான் தபால்காரன். மில்ட்ரெட் பிறந்த வீட்டிலும் உண்டு. ஒரு நாள், இரண்டு நாள், அப்புறம் யாருக்காவது சிரிப்பு வந்துவிடும். இங்கே யாருக்கும் சிரிப்பு வரவில்லை. வார்த்தைகள்தான் முற்றிக்கொண்டே போயின. சோறு போடச் சொல்லு என்பது, மூஞ்சியத் திருப்பிக்கச் சொல்லு என்று ஆயிற்று. அப்புறம் செத்துத் தொலையச் சொல்லு. இவள் பதிலுக்கு, பாடையில போகச் சொல்லு.

"அத்தனையும் பிள்ள சொல்லுச்சா?"

"மாத்திச் சொல்லுவா மேடம். கடைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, வாடக வாங்குற ரூம்புக்காரங்க கிட்டக்க, எல்லாத்துக்கும் எனக்கு அவதான் பேசுவா. அவங்க கோவமாப் பேசுனாலும் எனக்குப் பதமாத்தான் சொல்லுவா. வீட்டுலயும் அப்பிடித்தான். அவரு 'வாய மூடச் சொல்லு'ம்பாரு. இவ வந்து, 'அம்மா, அப்பாவுக்குத் தலவலியாம்' அப்பிடிம்பா. நான் ஏதாச்சும் கேவலமாச் சொன்னா, அவருகிட்ட, 'அம்மா அழுவுதுப்பா' அப்பிடிம்பா."

"அப்புறம்?"

ருக்மிணி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"அப்புறம் என்ன ஆச்சு? சொல்லுங்க!"

"ஒரு நாளு அவரு, 'நான் சொன்னத அப்பிடியே சொல்லுடீ'ன்னு அறைஞ்சாரு. நானும் கோவத்துல… 'எனக்கும் அப்பிடியே சொல்லுடீ, யாரு பக்கம் நீ'ன்னு ஒண்ணு வச்சேன். அன்னிலேந்துதான்."

மில்ட்ரெட்டுக்கு உள்ளங்கை எரிந்தது. மேசையை ஓங்கித் தட்டியிருக்கிறாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் மந்தபுத்தி என்றார்கள். அக்கம்பக்கத்தில் காத்துக் கருப்பு என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார்கள். தான் மட்டும் என்ன கிழித்தோம்? சீட்டு எழுதினோம். நடுவில் நின்று இரண்டு பக்கத்துக் கல்லையும் நெஞ்சில் வாங்கி, பூவாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது ஒரு பிள்ளை. கல்லைக் கல்லாகவே கொடு என்று இரண்டு பேரும் அறைந்திருக்கிறார்கள். பேசினால்தானே கொடுக்கவேண்டும்? வாயை மூடிக்கொண்டுவிட்டாள். நோய் இல்லை இது. வேலை நிறுத்தம்.

"நாளைக்கு உங்க வீட்டுக்காரரோட வாங்க."

ருக்மிணி எழுந்து கதவைத் திறந்து, மீன்தொட்டிக்கு முன்னால் நின்ற மகளைப் பார்த்தாள். அவனிடம் எப்படிச் சொல்வது என்ற யோசனை அந்தப் பார்வையிலேயே இருந்தது.

"பிள்ளையப் பாக்காதீங்க!" மில்ட்ரெட் கத்தியதில் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "நம்பரக் குடுங்க. நான் பேசுதேன் அவர்ட்ட."

அன்றைக்கு மீதி நோயாளிகளையெல்லாம் பார்த்தாள். பார்த்தாளே தவிர, உள்ளே கொதிப்பு அடங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் நிக்டியில் ஒரு குடியிருப்பில், பெற்றோர்களுக்குப் பரிவைப் பற்றிப் பேசப் போயிருந்தாள். பிள்ளைகளின் மனசு, அன்பான வார்த்தை, காது கொடுத்துக் கேட்பது. எல்லோரும் கைதட்டினார்கள், பொக்கே கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் காலேஜில் படிக்கிற மகள் ரெனிட்டா ஏதோ சொல்ல வந்தாள். மில்ட்ரெட் தலையைச் சாய்த்து, "சொல்லும்மா, உனக்கு எப்படித் தோணுது?" என்றாள். "மம்மி, அந்த கிளினிக் குரல்ல என்கிட்ட பேசாத, ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள். சரியாகத்தான் சொன்னாள். பரிவு என்பது வேலை நேரத்தில் மாட்டிக்கொள்கிற வெள்ளைக் கோட்டு ஆகிவிட்டது. அதுகூட ஆள் பார்த்துத்தான். கூட்டம் அதிகமான நாளில், மொழி தெரியாத ஒரு கூலிக்காரிக்கு அந்தக் கோட்டும் கிடையாது.

மறுநாள் பரமசிவம் வந்தான். இரவு ஷிப்டு முடித்து நேராக வந்திருந்தான். உலைச் சூட்டில் கறுத்து உலர்ந்த முகம், புருவத்தில் இரும்புத் தூள். கூப்பிட்டதே அவமானம் என்கிற மாதிரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். இந்தக் கடைசியில் அவன், அந்தக் கடைசியில் ருக்மிணி, நடுவில் நீலா. யாரும் சொல்லாமலே அந்த வரிசையில்தான் உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்ததுமே மில்ட்ரெட்டுக்குக் கோபம் ஏறிவிட்டது.

"எப்ப இருந்து பேசல?" என்று அவனைக் கேட்டாள்.

பரமசிவம் மகளைப் பார்த்தான். "எப்ப இருந்துன்னு உங்க அம்மாவக் கேளு பாப்பா."

"அவருக்கே தெரியும்னு சொல்லு" என்றாள் ருக்மிணி. பழக்கம். வாய் தன்னால் அப்படிப் போயிற்று.

நீலாவின் உதடு ஒட்டிக்கொண்டிருந்தது.

மில்ட்ரெட் எழுந்து போய் நீலாவின் நாற்காலியைப் பிள்ளையோடு சேர்த்து இழுத்தாள். சிமெண்ட் தரையில் கிறீச்சென்று சத்தம் வந்தது. தன் மேசைக்கு உள்பக்கம், தன் நாற்காலிக்கு அருகில் கொண்டுவந்து வைத்தாள். இப்போது அவர்களுக்கு நடுவில் வெறும் இடம்.

"இனிமே பேசுங்க."

"என்னாத்த பேசுறது?" என்றான் பரமசிவம். "புள்ளைக்கு மருந்து குடுக்கத்தானே வரச் சொன்னீங்க? எங்க வூட்டு விசயம் உங்களுக்கு எதுக்கு?"

"உங்க வீட்டு விஷயந்தான் இங்கன ஊமையா உக்காந்திருக்கு. பாக்கீங்களா? கண்ணு தெரியுதா?"

"படிச்சவங்க இப்பிடிக் கத்துறீங்க."

"கத்துவேன். உங்க ரெண்டு பேருக்கும் அறிவு இருக்கா? ரோட்டுல போற நாய்கூட குட்டி வாயில விஷத்த வைக்காது. நீங்க தினம் வச்சிருக்கீங்க, அத முழுங்காம அடுத்தாளுகிட்ட கொண்டு போய்க் குடுன்னு அடிச்சிருக்கீங்க."

சொன்ன பிறகு, கூடிப்போய்விட்டது என்று தோன்றியது. ருக்மிணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பரமசிவம் எழுந்துவிட்டான்.

"வெய்யில்லயும் நெருப்புலயும் வெந்து சாவுறேன் நானு. யாருக்காக? இந்தப் புள்ளைக்காக. ஏசி ரூம்புல உக்காந்துக்கினு நீங்க எனக்குப் புத்தி சொல்றீங்க. எந்திரி பாப்பா. உங்க அம்மாவ வரச் சொல்லு, போவலாம்."

"மறுபடி பாரு!" மில்ட்ரெட் கையை நீட்டிக் கதவை மறித்தாள். "உங்க பொண்டாட்டி அங்கன இருக்காங்க. கைய நீட்டுனா படும். நேரா சொல்லுங்க. திட்டணும்னாலும் நேரா திட்டுங்க. ஒரு வார்த்த. அதச் சொல்லாம இந்தப் பிள்ளையக் கூட்டிட்டுப் போக முடியாது. போலீஸக் கூப்பிட்டாலும் சரி."

அவன் நின்றான். ஆம்பளை இல்லை என்று சொன்ன வார்த்தை அவன் தொண்டையில் எலும்பு மாதிரிக் குறுக்கே நின்றது. பெரிய இரும்புக் குழம்பைத் தூக்கி ஊற்றுகிறவனுக்கு ஒரு வார்த்தையைத் தூக்க முடியவில்லை.

கடைசியில் உடைந்தது ருக்மிணிதான்.

"யோவ்!"

பரமசிவம் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"என்னாய்யா மொறைக்கிற? நாலு பேரு முன்னாடி அடிச்சியே, அப்ப ஆம்பளையா இருந்தியா? பேசாததுதான் ஆம்பளத்தனமா? புள்ள ஊமையாப் போச்சுய்யா, பாருய்யா!"

"ஏ, நீ எங்க அண்ணனுக்குப் போன் போட்ட பாரு…" என்று ஆரம்பித்தவன், பேசிவிட்டோம் என்று தெரிந்து ஒரு நொடி நின்றான். அப்புறம் அணை உடைந்த மாதிரி வந்தது. "எங்க அண்ணன் என்னய நாயி மாதிரிப் பேசுனாரு! எங்கம்மா போன எடுக்கறது இல்ல! எல்லாம் உன்னாலதான்டீ!"

"குடிச்சதும் என்னாலதானா?"

"அந்த வேலைய நீ வந்து ஒரு நாளு செய்யி, தெரியும்!"

"நான் மட்டும் என்னா மெத்தையிலயா படுத்திருக்கேன்? தட்டு தட்டாக் கலவ தூக்குறேன்ய்யா நானு!"

மௌஷி கதவைத் தள்ளி எட்டிப்பார்த்தாள். மில்ட்ரெட் போ என்று கையசைத்தாள். அவர்கள் கத்தினார்கள். அசிங்கமாகக் கத்தினார்கள். பழைய சண்டை, புதுச் சண்டை, கல்யாணத்தன்று நடந்தது, தீபாவளிக்கு ஊருக்குப் போகாதது. இதில் பரிவு எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் மில்ட்ரெட்டால் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதைச் சொன்னால் பொக்கே கிடைக்காது. ஆனால் ஒரு வார்த்தைகூட மேசைக்கு இந்தப் பக்கம் வரவில்லை. ஒருத்தரும் 'சொல்லு பாப்பா' என்று சொல்லவில்லை.

திரும்பிப் பார்த்தாள். நீலா முதலில் அப்பாவின் வாயைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் வாயை. யார் முதலில் தன் பக்கம் திரும்புவார்கள் என்று காத்திருந்த உடம்பு, விறைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தது. திரும்பவே இல்லை அவர்கள். அவளுக்கு இங்கே வேலை இல்லை. தோள் முதலில் இறங்கியது. அப்புறம் கை மேசைமேல் விழுந்தது. அதன்மேல் கன்னத்தை வைத்தாள். அந்தக் கூச்சலுக்கு நடுவில், அடுப்படிச் சத்தத்தில் தூங்குகிற பிள்ளை மாதிரி, நீலா தூங்கிப்போனாள்.

பரமசிவம்தான் முதலில் பார்த்தான். பாதி வசவில் நின்றுவிட்டான்.

"தூங்கிட்டா" என்றான். ருக்மிணியிடம் சொன்னான்.

அவளும் பார்த்தாள். மூச்சு வாங்கியது. "தூக்குய்யா. கழுத்து வலிக்கும்."

"தெரியுது, நீ சொல்லத் தேவையில்ல."

"அந்த இரும்புத் தூளு சட்டையோடயா? இரு, முந்தானையப் போடுறேன்."

அவன் தோளில் அவள் முந்தானையின் நுனியை விரித்துப் போட்டாள். அவன் குனிந்து பிள்ளையைத் தூக்கினான். முந்தானை எட்டுகிற தூரத்துக்குள், ஒட்டினாற்போல நடந்து, தாழ்ந்த குரலில் இன்னும் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொண்டே இருவரும் வாசலைத் தாண்டினார்கள். நாளைக்கும் வரவேண்டும் என்று மில்ட்ரெட் பின்னாலிருந்து சத்தம் போட்டாள். கோபம் இன்னும் இறங்கவில்லை. அடுத்த ஆளை உள்ளே அனுப்பச் சொன்னாள். ஒரு தாய் குழந்தையோடு வந்து பயந்தபடி உட்கார்ந்தாள்.

"மொதல்ல சொல்லுங்க" என்றாள் மில்ட்ரெட், தமிழில் கேட்டு, மராத்தியில் கேட்டு, இந்தியிலும் கேட்டு. "வீட்ல நீங்க என்ன பாஷை பேசுவீங்க?"