ஆறாவது வளைவில் நின்றவள்

இங்கிலாந்தில் பர்ஸ்லம் ஊரில் ஒரு பீங்கான் பட்டறை. அங்கே அச்சு எடுப்பதற்கான மூல உருவங்களைச் செதுக்குகிறவர் ஆபெல் டன்னிகிளிஃப். அவர் மனைவி கெட்டூரா காய்ச்சலில் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. பட்டறையில் பேசுகிற நாலு வார்த்தையோடு அவருடைய பேச்சு முடிந்துவிடும்.

அந்த வருடம் பெரிய வீட்டுக்காரர்களுக்கெல்லாம் கோதிக் பாணி மேல் ஒரே மோகம். தேவாலயச் சன்னல் மாதிரி கூரிய வளைவுகள் எட்டு, வளைவுக்கு ஒரு புனிதர், இப்படி ஒரு ஜக் வேண்டும் என்றார் முதலாளி ஹாலின்ஷெட். ஆபெல் ஆறு வாரம் உட்கார்ந்து செதுக்கினார்.

வார்த்த ஜக்குகளின் பிசிறை வழிக்கிற தெர்சா வந்து எட்டிப் பார்த்தாள். ஆறாவது வளைவில் அவள் கண் நின்றது.

"கெட்டூராவையா புனிதையாக்கிட்டே? பாதிரியார் வாயைத் திறந்ததுமே தூங்கி விழுவாளேப்பா அவ."

அதற்கப்புறம்தான் ஆபெலும் பார்த்தார். அகன்ற மூக்கு, உள்வாங்கிய மோவாய். அவர் நினைத்துச் செய்யவில்லை, கை செய்திருந்தது.

முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "பட்டறைப் பொம்பளை முகமா இருக்கு. மூக்கை ஒடுக்கு" என்றார். ஆபெல் செதுக்குக் கத்தியை எடுத்தார். கால்மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஜக்கும் நன்றாக விற்றது.

சனிக்கிழமை மதியம் வீட்டில் மண்ணைப் பிசைந்து அவளைத் திரும்பச் செய்யப் பார்த்தார். ஐந்து முறையும் ஒடுங்கிய மூக்குதான் வந்தது. புருவம் எப்படி இருந்தது? மறந்துபோயிருந்தது. படம் எடுத்து வைக்க அவர்களுக்கு வசதி இருந்ததில்லை.

மறுநாள் ஈரத்துணியில் மண்ணைச் சுற்றிக்கொண்டு தெர்சா வீட்டுக் கதவைத் தட்டினார்.

"அவ எப்படி இருந்தான்னு சொல்லு" என்றார், நாற்காலியில் உட்காராமலே.

தெர்சா கிண்டல் செய்யவில்லை. கையிலிருந்த உருளைக்கிழங்கைக் கீழே வைத்தாள். இடது புருவம் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்றாள். சிரித்தால் மேலுதடு ஒரு பக்கம் ஏறும் என்றாள். அவள் சொல்லச் சொல்ல அவர் விரல்கள் நகர்ந்தன. வெகு நேரம் ஆனது.

"அவ முகம் வந்திருக்கா?" என்றார்.

தெர்சா தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "இல்லப்பா. பொய் சொல்ல மாட்டேன். அவளுக்கு ஒரு தங்கச்சி இருந்தா இப்படி இருப்பா."

ஆபெலுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்தது. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள் தெர்சா. இன்னொரு நாள் வருகிறேன் என்றார். தங்கச்சியைத் துணியில் பொதிந்துகொண்டு, புகை படிந்த தெரு வழியே தனியாக நடந்தார்.