அகலக் கரியர்

நான் நாட்டுக்காக இயக்கத்தில் சேர்ந்தவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு யாரும் என்னைப் பார்த்து உருகத் தேவையில்லை. என் அண்ணனைக் கொன்றவன் அந்த இயக்கத்தில் இருந்தான். வெளியில் நின்று அவனைத் தேடினால் நானும் காணாமற்போயிருப்பேன். உள்ளே போனால் கையில் துவக்கும் தந்து, அவன் பக்கத்தில் படுக்கவும் விடுவார்கள். அதனால் தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில், பத்தொன்பது வயதில், போய்ச் சேர்ந்தேன்.

அண்ணன் அருளம்பலம் வேறோர் இயக்கத்தில் ஆறு மாதம் இருந்தவன். பெரிய வேலை ஒன்றும் செய்யவில்லை. சுவரில் நோட்டீஸ் ஒட்டினான். எண்பத்தாறில், நான் பிறகு சேர்ந்த இவர்கள் அந்த இயக்கத்தைத் தடை செய்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கள் தோட்டத்தில் வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்தான். ஒரு காலையில் இரண்டு சாக்கு வெங்காயத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் புறப்பட்டான். வெங்காயம் சந்தைக்குப் போய்ச் சேரவில்லை. சைக்கிளும் திரும்பி வரவில்லை, அவனும் வரவில்லை. வழியில் இவர்கள் மறித்துப் பிடித்துக்கொண்டு போனதாக அயலில் கதை வந்தது.

அம்மா முகாம் முகாமாக ஏறி இறங்கினாள். நானும் கூடப் போனேன். வாசலில் நின்ற பெடியன்களிடம் அவள் கேட்டது ஒன்றைத்தான்.

"விடுங்கோ எண்டு கேக்கேல்லைத் தம்பி. செத்துப்போனான் எண்டால் என்ன நாள் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

நாள் தெரிந்தால் திதி பார்க்கலாம். திதி தெரிந்தால் வருசத்தில் ஒரு தடவை ஐயரைக் கூப்பிட்டுத் திவசம் செய்யலாம், அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் கறியோடு சோறு படைக்கலாம். நாள் தெரியாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. பிடித்துக்கொண்டு போன நாளையே வைத்துக்கொள்ளச் சொல்லி அயலில் புத்தி சொன்னார்கள். அம்மா அவர்களை ஏசித் துரத்தினாள். அன்றைக்கே சுட்டார்களோ, அடைத்து வைத்திருந்து சுட்டார்களோ, யாருக்குத் தெரியும்? உயிரோடு இருந்த நாளில் பிள்ளைக்குப் பிண்டம் வைப்பதா என்று கேட்டாள்.

எனக்கு அந்தக் கதையைக் கேட்டாலே எரிச்சல் வரும். நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எனக்கு ஆள் வேண்டும். நான் வெளிக்கிட்ட அன்று அம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னேன், அவனை முடித்துவிட்டுத்தான் வருவேன் என்று. அவள் அழவில்லை, மறிக்கவுமில்லை.

"ஆளைக் கண்டால் முதல்லை நாளைக் கேள்" என்றாள்.

சுன்னாகம் என்று சொன்னால் விசாரிப்பார்கள் என்று வட்டுக்கோட்டையில் இருந்த மாமி வீட்டு விலாசத்தைக் கொடுத்துச் சேர்ந்தேன். பயிற்சி முடிந்ததும் பலாலிப் பக்கத்தில் ஒரு முகாமுக்கு அனுப்பினார்கள். முகாம் என்றால் கொழும்புக்கு ஓடிப்போன யாரோ ஒருவருடைய சீமெந்து வீடு. மண்டபத்துச் சுவரில் அவர்களுடைய கலியாணப் படம் இன்னும் தொங்கியது. சாமி அறையில் வெடிமருந்துப் பெட்டிகள். கிணற்றடியில் வரிசையாக நின்று ஆளுக்கு எட்டு வாளி தண்ணீர். ஒன்பதாவது வாளிக்குக் கையை நீட்டினால் அடுத்த நாள் கக்கூசு கழுவ வேண்டும். நான் முதல் கிழமையில் மூன்று தரம் கழுவினேன்.

பெயரும் அங்கேதான் வைத்தார்கள். நான் நிலவன். என் மூஞ்சிக்கும் நிலவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று எல்லாரும் சிரித்தார்கள். பொறுப்பாளர் ஒல்லியான மனிதர், வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வந்தவர் என்று பேச்சு. வந்த அன்றே என்னை மாமரத்தின் கீழே நிறுத்திச் சட்டம் சொன்னார்.

"இஞ்சை ஒருத்தரிட்டையும் சொந்தப் பேர் கேக்கிறேல்லை. ஊர் கேக்கிறேல்லை. பழைய கதை ஒண்டும் கேக்கிறேல்லை. ஆராவது தானாச் சொன்னால் கேட்டுப்போட்டு மறந்திடு. விளங்கிச்சோ?"

"ஓம் அண்ணை" என்றேன். என் கண் அவர் முகத்தில் இல்லை. அவருக்குப் பின்னால் மரத்தில் சாத்தியிருந்த சைக்கிளில் இருந்தது.

கறுப்புப் பெயின்ற் புதிதாக அடித்திருந்தார்கள். அடித்தால் தெரியாதா? வெங்காயச் சாக்கு இரண்டு பக்கத்துக்குப் பக்கம் இருக்க வேண்டும் என்று எங்களைப் பெற்ற அப்பு கொல்லன் கம்மாலையில் நின்று அடிப்பித்த கரியர் அது. சாதாரணக் கரியரைப்போல இரண்டு மடங்கு அகலம். கம்பி போதாமல் இடது பக்கத்துக் கம்பி நாலு விரல் கட்டையாகப் போய்விட்டது. அந்தக் கட்டைக் கம்பியில் என் காற்சட்டை எத்தனை தரம் மாட்டிக் கிழிந்திருக்கும். சைக்கிள் இங்கே இருந்தால் ஆளும் கிட்டத்தான் இருக்க வேண்டும்.

அதை ஓடியவன் கொற்றவன். முப்பது வயதிருக்கும், நல்ல உயரம், களஞ்சியம் அவன் கையில். பின்னேரம் மூன்று மணிக்குச் சுன்னாகம் போய் மரக்கறி கட்டிக்கொண்டு, இருட்டுகிற மைமலுக்குள் திரும்புவான். எனக்குத் தந்தது ஒரு லேடீஸ் சைக்கிள். அதற்கும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

புதிதாக வந்தவனுக்கு முகாமில் மூன்று வேலை. பகலில் களஞ்சியத்துக்கு உதவி. பின்னேரம் ஐந்து மணிக்குச் சங்கேதம் சொல்லிவருவது. ஆறு மணி தொடங்கி எட்டு மணி வரை முகாமுக்கு வரும் ஒழுங்கை முகப்பில் சென்றிக் காவல். சங்கேதம் ஒவ்வொரு நாளும் மாறும். சென்றிக்காரன் ஒரு சொல் சொன்னால் வருகிறவன் அதற்குரிய மறுசொல்லைச் சொல்ல வேண்டும். அதைத் துண்டில் எழுதக்கூடாது. பொறுப்பாளர் என் காதில் சொல்லுவார். நான் லேடீஸ் சைக்கிளில் ஓடி மூன்று காவலரண்களிலும் காதில் சொல்லுவேன். கடைசியாக ஆலடிச் சந்தியில் நின்று சந்தையால் வருகிற கொற்றவனுக்குச் சொல்லிவிட்டுத் திரும்புவேன். போன மாதம் இரண்டு ஆமிக்காரர் சாரம் கட்டிக்கொண்டு, தமிழ் கதைத்துக்கொண்டு பக்கத்து முகாம் வாசல்வரை வந்துவிட்டார்கள். அதன் பிறகு முகம் தெரிந்தாலும் குரல் தெரிந்தாலும் மறுசொல் இல்லாவிட்டால் சுடு என்பதே கட்டளை.

ஒரு நாள் பின்னேரம் அவன் கரியரில் அரிசிச் சாக்குக் கட்டிக்கொண்டிருந்தேன். ரியூப் றப்பர் வாரைக் குறுக்கே இரண்டு தரம் போட்டு, சீற்றின் கீழே கொண்டுபோய் இழுத்து முடிந்தேன். கொற்றவன் பீடியோடு நின்று பார்த்தான்.

"நல்ல கட்டு. சாக்கு அசையாது."

"கரியர் நல்லது அண்ணை. எங்கை அடிப்பிச்சனியள்?"

கேட்கக் கூடாது என்று சட்டம். ஆனாலும் கேட்டுவிட்டேன். அவன் கோபிக்கவில்லை.

"நான் ஏன் அடிப்பிக்கிறன்? இது எண்பத்தாறிலை ஒரு துரோகியிட்டை எடுத்தது. மருதனார்மடத்தடியிலை நான்தான் மறிச்சனான். வெங்காயத்தைச் சந்தையிலை குடுத்திட்டு வாறன், பிறகு எங்கை எண்டாலும் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டவன். விசரன். கொஞ்ச நாள் வைச்சிருந்திட்டு முடிச்சது. அதுவும் நான்தான்."

துரோகி. நோட்டீஸ் ஒட்டியவன் துரோகி. ரியூப் வார் என் கையில் அறுந்துபோகும் அளவுக்கு இழுத்தேன். அவன் பீடியை இழுத்துக்கொண்டு அங்கேயே நின்றான். அவனுக்கு அவசரமில்லை, கதைக்க ஆசையாகவும் இருந்தது. இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பான். எனக்குக் காது அடைத்துவிட்டது. அவனிடம் மேற்கொண்டு ஒன்றும் விசாரிக்கவில்லை. சரி அண்ணை, வெளிக்கிடுங்கோ என்று சைக்கிளைப் பிடித்துக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து அவனுக்கு நல்ல பிள்ளையாக நடந்தேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவன் சாரத்தையும் தோய்த்துப் போட்டேன். அவனுடைய செருப்புச் சத்தம் எனக்குப் பாடமாகிவிட்டது. துவக்கால் சுட்டுவிட்டு ஓடலாம்; ஓடினால் என்னைப் பிடிக்க அம்மாவிடம் போவார்கள். சட்டம் போட்டவர்களின் சட்டத்தாலேயே அவன் சாக வேண்டும், எனக்கு ஒரு கீறலும் விழக்கூடாது. பதினொரு நாள் அதையே யோசித்தேன். கடைசியில் வழி என் வாயிலேயே இருந்தது.

மார்கழி ஒன்பதாம் தேதி பின்னேரம் பொறுப்பாளர் என் காதில் சொன்ன சங்கேதம் "உப்பு". மறுசொல் "வெளி". மூன்று காவலரண்களுக்கும் சொன்னேன். ஆலடிச் சந்தியில் வழக்கம்போல நின்றேன். தூரத்தில் அவன் மிதித்துக்கொண்டு வருவது தெரிந்தது. பூசணிக்காய் பாரம், மெதுவாகத்தான் வந்தான். அவன் என்னைக் காண முன்னமே சைக்கிளைத் திருப்பினேன்.

ஒழுங்கை முகப்பில் மண்மூட்டைக்குப் பின்னால் இருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கரியரில் கட்டைக் கம்பி பின்சில்லு மட்காட்டில் தட்டுகிற சத்தம் முதலில் வந்தது. சின்ன வயதில் அப்பு சந்தையால் வருவது அந்தச் சத்தத்தில்தான் எங்களுக்குத் தெரியும்.

"நில். உப்பு."

சைக்கிள் நின்றது. ஒரு காலை ஊன்றிக்கொண்டு யோசித்தான்.

"வாளி."

அது நேற்றையது.

"உப்பு" என்றேன் இரண்டாம் தரம்.

"நிலவன், நான்தானடா. நீ சந்தியிலை நிக்கேல்லை. எனக்கு இண்டைக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

சுட்டேன். பூசணிக்காய்கள் ஒழுங்கையெல்லாம் உருண்டன.

உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது சந்தோசமாக இருந்தது. நாலு வருசமாக நெஞ்சில் கிடந்தது இறங்கிப்போனது. பொறுப்பாளர் ஓடிவந்து என் துவக்கை வாங்கினார். சந்தியில் ஐந்தே முக்கால் வரை நின்றேன், ஆளைக் காணவில்லை, சென்றிக்கு நேரமாகிவிட்டது என்றேன். அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நீ சட்டப்படிதான் செய்தனி" என்று துவக்கைத் திருப்பித் தந்தார்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த நாள் காலையில் ஒரு கட்டு நோட்டீசும் ஒரு வாளி பசையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள். முகாமில் யார் செத்தாலும் நோட்டீஸ் ஒட்டுவது புதிதாக வந்தவனுடைய வேலை. சாமான் கனம் என்று அகலக் கரியர் சைக்கிளையும் எனக்கே தந்தார்கள்.

அதில்தான் அவனுடைய சொந்தப் பெயரை முதலில் பார்த்தேன். செபநாயகம் கனிசியஸ், கொழும்புத்துறை. எதிரியோடு நடந்த மோதலில் வீரச்சாவு என்று போட்டிருந்தது. கீழே கொட்டை எழுத்தில் நாள், மாதம், வருசம். சந்திக்குச் சந்தி அந்த நாளை என் கையால் ஒட்டினேன். மருதனார்மடத்திலும் ஒட்டினேன். அண்ணனும் இப்படித்தான் பசை வாளியோடு திரிந்தான். அவனுக்குத் துரோகிப் பட்டம், அவனைக் கொன்றவனுக்கு மாலை போட்ட படம். என்னுடைய ஒரு வெடியால் அவனை வீரனாக்கி வைத்திருந்தேன். பசையை அவன் முகத்தில் அள்ளி அப்பினேன். யாரோ வழிப்போக்கர் நின்று தலை குனிந்துவிட்டுப் போனார்.

பெட்டியோடு அவன் வீட்டுக்குப் போகவும் என்னைத்தான் சேர்த்தார்கள்; அதே சைக்கிளில் பின்னால் போனேன். கடைசியாக அவனைக் கண்டவன் நான் என்பதால் தாய் ஏதாவது கேட்டால் நல்லதாகச் சொல்லு என்றார் பொறுப்பாளர். கடற்கரையோரம் கிடுகு வேலி வீடு. தாய் லூர்த்தம்மா பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தாள். அவளிடம் சொல்லவென்று நாலு வருசமாக ஒரு வசனம் வைத்திருந்தேன்: உங்கடை மோன் என்ரை அண்ணையைக் கொலைசெய்தவன். வாய் வரைக்கும் வந்தது. அவள் எழும்பி வந்து என் கையைப் பிடித்தாள்.

"நீயே தம்பி கடைசியாக் கண்டது? எத்தினை மணிக்கு மோனே சீவன் போனது?"

"ஆறு இருபது" என்றேன்.

"ஒன்பதாந் தேதி, ஆறு இருபது" என்று பக்கத்தில் நின்ற மகளுக்குச் சொன்னாள். "எழுதி வை பிள்ளை. வருசா வருசம் பூசை ஒப்புக்குடுக்க வேணும்."

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. மிச்ச நோட்டீசை ஒட்டிவிட்டு வருவதாகப் பொய் சொல்லிச் சைக்கிளை எடுத்தேன். பத்து மைல். நேரே வீட்டுக்கு மிதித்தேன்.

அம்மா வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கட்டைக் கம்பியின் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கரியரைத் தடவிப் பார்த்தாள்.

"ஆளைக் கண்டனியே?"

"முடிச்சிட்டன் அம்மா."

"என்ன நாளாம்?"

மருதனார்மடத்தையும் வெங்காயத்தையும் சொன்ன அந்தப் பீடி வாய் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. கொஞ்ச நாள் வைச்சிருந்திட்டு என்றான். எத்தனை நாள் அண்ணை என்று கேட்க எனக்கு ஒரு மூச்சுத்தான் வேண்டியிருந்தது. உலகத்தில் அது தெரிந்த ஒரே ஒருத்தனை நானே சுட்டுவிட்டு வந்து நிற்கிறேன்.

"கேக்கேல்லை" என்றேன்.

அம்மா திட்டவில்லை. கரியரில் கிடந்த மிச்ச நோட்டீசில் ஒன்றை எடுத்து விரித்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியும். கீழே இருந்த கொட்டை எழுத்தில் விரல் நின்றது.

"உவனே?"

"ஓம்."

"தாய் இருக்கிறாளே?"

"இருக்கிறா."

அம்மா நோட்டீசை நாலாக மடித்து என் கையில் தந்தாள்.

"குடுத்து வைச்சவள்" என்றுவிட்டு, திரும்பவும் மிளகாய்க்குப் போனாள்.