சங்கரேஸ்வரி போட்ட முப்பத்துநாலு கால்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை, நோட்டீஸாகப் பிறந்தது. சங்கரன்கோவிலில் வருகிற சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பாட்டு நாடகம் முதல்முறையாக மேடையேறுகிறது. பெயர் 'நாலு சக்கரத்துக்காரி'. "நல்லாருக்கு, வந்து பாருங்கன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க அண்ணாச்சி" என்று நாடகக்காரர்கள் கேட்டார்கள். இரண்டு சிறுகதைத் தொகுப்பும் நானூறு கல்யாண வாழ்த்து மடலும் எழுதியவன் நான். ஒரு பக்கம் எனக்கு எம்மாத்திரம்?

அந்த ஒரு பக்கத்தால் ஒரு தாயும் மகளும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. ஆகவே இப்போது கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் ஆரம்பம் இப்படி இருந்தது:

"விதி அவளது காலைப் பறித்தது. ஆனால் அவளது தன்னம்பிக்கையை..."

[வாக்கியம் இங்கேயே நிற்கிறது. மேற்கொண்டு எழுத விடவில்லை.]

விடாதவள் இசக்கிச்செல்வி. கதாநாயகியும் அவள்தான், பாட்டுகளை எழுதியவளும் அவள்தான். வயது முப்பத்தாறு. ஒன்றரை வயதில் போலியோ. இடது காலில் கேலிப்பர்*, கக்கத்தில் கட்டை, ஓட்டுவதற்குப் பின்பக்கம் இரண்டு சக்கரம் கூடுதலாக வைத்த ஸ்கூட்டர், பிழைப்புக்குக் கோவில் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை.

"எங்காலை எவனும் பறிக்கல அண்ணாச்சி. இந்தா, இங்கனதான் இருக்கு. கொஞ்சம் சூம்பிப்போய்க் கெடக்கு, அம்புட்டுதான். தன்னம்பிக்கைன்னு நோட்டீஸ்ல ஒரு வார்த்தை வந்துச்சு, அம்புட்டையும் கிழிச்சு அடுப்புல போட்டுருவேன்."

"பெறகு என்னதான் எழுதச் சொல்லுத?"

"சிரிப்பா இருக்கும்னு எழுதுங்க. பாட்டு பிரமாதம்னு எழுதுங்க. மண்டபத்துல படி ஏற வேண்டாம், சரிவா பாதை போட்டிருக்கு, வண்டியோட உள்ள வரலாம்னு பெரிய எழுத்துல எழுதுங்க."

எழுதினேன். மூன்றுமே உண்மை. ஒத்திகையை நான்கு முறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன். கதை ரொம்ப லேசானது. ஒரு பெண் ஒரே நாளில் ஓர் ஆபீஸ், ஒரு கல்யாண வீடு, ஒரு துணிக்கடை என்று மூன்று இடத்துக்குப் போக வேண்டும். மூன்று இடத்திலும் படி. ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. கீபோர்டு வாசிப்பது கடையநல்லூர் ரிபாயி. சவுதியில் ஒரு விபத்தில் வலது கையை இழந்துவிட்டு ஊர் திரும்பியவன். இடது கை ஒன்றாலேயே வெளுத்து வாங்குகிறான். கேட்டால், "மத்த கைக்கு மெஷின்ல ரிதம் இருக்கு அண்ணாச்சி. அது டீ கேக்காது, லீவும் கேக்காது" என்கிறான்.

* கேலிப்பர் என்றால் காலை நிமிர்த்திப் பிடிக்கிற இரும்புச் சட்டம். நாடகத்தில் அது தாளக்கருவியும்கூட. கட்டையால் அதைத் தட்டி அவள் போடுகிற தாளம் இருக்கிறதே, இதை எழுதும்போதும் என் பாதம் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

3

இனி அந்தப் பாட்டு. அதற்கு முன் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம். வீட்டில் பாம்பு நடமாடினால் பாம்பு, தேள் வந்தால் தேள், உடம்பில் கோளாறு என்றால் அந்த உறுப்பு என்று, தகட்டில் அடித்த சின்ன உருவை வாங்கிக் கோமதி அம்மன் உண்டியலில் போடுவது எங்கள் ஊர் வழக்கம். இசக்கிச்செல்வியின் அம்மா சங்கரேஸ்வரி, பூக்கட்டி விற்கிறவள். ஆடி மாசக் கோவில் திருவிழாவான ஆடித் தபசுக்கு ஆடித் தபசு தவறாமல் ஒரு கால் உரு வாங்கிப் போடுவாள். முப்பத்துநாலு வருஷம்.

சின்ன வயதில், தபசுக்கு மறுநாள் விடிந்ததும் இசக்கிச்செல்வி போர்வைக்குள்ளேயே காலைத் தடவிப் பார்ப்பாள். அப்படியேதான் இருக்கும். நிமிர்ந்தால் அடுப்படியிலிருந்து அம்மாவும் அந்தக் காலையேதான் பார்த்துக்கொண்டிருப்பாள். கால்கூட அவளுக்கு அவ்வளவு பாரமாக இருந்ததில்லை, அந்தப் பார்வைதான் பாரமாக இருந்தது. நான் இப்படியே இருந்தால் அம்மாவுக்குப் போதாது போல என்று நினைத்துக்கொள்வாள். அப்போது யாரிடமும் சொன்னதில்லை. வளர்ந்ததும் பாட்டாக்கிவிட்டாள்:

ஆடி பொறந்தா எங்கம்மா
வாங்குதா ஒத்தக் காலு
அம்மன் உண்டியல்ல எனக்குக்
கெடக்கு முப்பத்துநாலு
அத்தனையும் ஒட்டிக்கிட்டா
பொண்ணு இல்ல, நான் பூரானு!

பூரானு என்கிற இடத்தில் மேடையில் இருக்கிற அத்தனை பேரும் காலைத் தட்டுவார்கள். முதல்முறை கேட்டபோது எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அந்தப் பாட்டை அம்மாவுக்கு முதலில் எப்படிக் காட்டுவது என்பதில்தான் அவளுக்குப் பயம். "முன் வரிசையில உக்கார வச்சு நான் மூஞ்சியப் பாத்துப் பாடணும் அண்ணாச்சி. அப்பத்தான் கேலி இல்லன்னு தெரியும். வேற எப்படிக் கேட்டாலும் தப்பாப் போயிரும்" என்றாள். சொன்னது என்னிடம்தான். என் காதில் விழத்தான் செய்தது.

4

[இந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விட்டால் நான் நல்லவனாகிவிடுவேன். கதை பொய்யாகிவிடும்.]

நோட்டீஸோடு மைக் கட்டிய ஆட்டோவும் உண்டு என்றார்கள். அதற்கும் நான்தான் வாசகம் எழுதினேன். நல்ல விளம்பரம் என்றால் இருப்பதில் நல்ல சரக்கை முன்னால் வைக்க வேண்டும், இல்லையா? ஒத்திகையில் போனில் பிடித்த அந்த ஆறு வரியை ஆரம்பத்திலேயே சேர்த்துக் கொடுத்துவிட்டேன். புத்தி எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆட்டோ திருவேங்கடம் ரோட்டைச் சுற்றிவிட்டு நேராகப் பூ மார்க்கெட் வாசலில் போய் நெரிசலில் மாட்டிக்கொண்டது. பாட்டு மூன்று முறை ஓடியது. உள்ளே சங்கரேஸ்வரி பிச்சிப்பூ நிறுத்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏ சங்கரேஸ்வரி, ஒம் மவ குரல்லா இது? ஒன்னையத்தான் பாடுதா!"

பக்கத்துக் கடைக்காரி கத்த, மார்க்கெட்டே சிரித்தது. சங்கரேஸ்வரி பூவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். சோறு பொங்கினாள், மகளுக்குப் போட்டாள், வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் அப்படியே.

மூன்றாம் நாள் இசக்கிச்செல்வி என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எங்கம்மா வரலன்னா அந்தப் பாட்டு கெடையாது. அந்தப் பாட்டு இல்லன்னா நாடகமும் கெடையாது. ஏறுங்க பின்னால. நீங்கதான வம்பை இழுத்து விட்டீங்க, நீங்களே வந்து சொல்லுங்க."

ஏறினேன். அவள் வண்டி ஓட்டுகிற வேகத்தைப் பற்றித் தனியாகவே ஒரு கதை எழுதலாம். அதற்கு நான் உயிரோடு இருக்க வேண்டும்.

5

வீடு வந்து சேர்வதற்குள் மனதில் மூன்று முடிவு எழுதிவிட்டேன். பழக்கதோஷம்.

முடிவு ஒன்று: தாயும் மகளும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். (வண்டியிலேயே அவளிடம் சொன்னேன். "முடிவுல அழ வச்சா உங்கள இங்கனயே எறக்கி விட்டுருவேன்" என்றாள். அவள் கண் மட்டும் அழலாமாம்.)

முடிவு இரண்டு: அந்தக் காலத்தில் நொண்டி நாடகம் என்றே ஒரு வகை உண்டு. கடைசிக் காட்சியில் சாமி இரங்கிக் காலைத் திருப்பிக் கொடுத்துவிடும். (கோமதி அம்மனுக்கு வேறு வேலை இருக்கிறது.)

முடிவு மூன்று: தாய் நாடகத்துக்கு வரவில்லை. காலியான நாற்காலியைப் பார்த்து மகள்... (வேண்டாம். ஒரு வரியோடு நிறுத்திவிட்டேன்.)

சங்கரேஸ்வரி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தாள். "வாங்க அண்ணாச்சி" என்றாள். மகளைப் பார்க்கவில்லை. ஆட்டோ என் தப்பு, வாசகம் என் தப்பு என்று நான் கல்யாண வாழ்த்து மடல் நடையில் நீட்டி முழக்கினேன். அவள் கை பாட்டுக்குப் பூவைக் கட்டிக்கொண்டே இருந்தது.

"எம்மா" என்றாள் இசக்கிச்செல்வி. "கேலி பண்ணி எழுதலம்மா. ஊரு சிரிக்கட்டும்னும் எழுதல. வெசனமா இருந்தா ரெண்டு அடி அடிச்சிரு. பேசாம மட்டும் இருக்காத."

"ஊரு சிரிச்சா எனக்கென்னட்டி? பூரான் வார எடத்துல எனக்கே சிரிப்பு வந்துட்டு. அடக்கிக்கிட்டு நின்னேன்."

"பெறகு எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"பாட்டுல பொய் இருக்குல்லா."

"என்ன பொய்?"

"முப்பத்துநாலும் ஒனக்குன்னு ஆரு சொன்னா? இருபத்திரெண்டுதான் ஒனக்கு. பன்னெண்டு எனக்கு." சங்கரேஸ்வரி நீட்டிய காலின் முழங்காலைத் தட்டிக் காட்டினாள். "இந்த முட்டு படுத்துத பாடு! அதுக்கு நேந்துக்கிட்டுப் போட்டது. கால் உரு எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும். ஆருக்குன்னு அதுல பேரா எழுதியிருக்கு?"

இசக்கிச்செல்வி கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள்.

"எப்ப நிப்பாட்டுன?"

"நீ இந்த வண்டிய வாங்கி, என்னையப் பின்னால ஏத்தி, பூ மார்க்கெட் வாசல்ல கொண்டாந்து எறக்கி விட்ட பாத்தியா. அந்த வருசம். அம்மன் முன்ன நின்னு சொல்லிட்டேன். தாயே, எம் புள்ளைக்கு இது போதும். அவ நல்லா இருக்கா. இனி எம் முட்டைப் பாருன்னு."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியே."

[இந்த இடத்தில் நல்ல எழுத்தாளன் ஒருவன் வானத்தையோ மழையையோ வர்ணிப்பான். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கிருந்தும் கேட்டது.]

"அப்பம் பன்னெண்டு வருசமா நான் நல்லாத்தான் இருந்திருக்கேன். எனக்குத்தான் தெரியல" என்றாள் இசக்கிச்செல்வி. சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல மாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பிறகு சங்கரேஸ்வரியின் குரல் வந்தது. "சனிக்கெழமை வாரேன்ட்டி. முன்னாலதான் உக்காருவேன். ஆனா கணக்கைத் தப்பாப் பாடினன்னு வையி, அந்தானைக்கு எந்திச்சு நின்னு சொல்லிருவேன். மண்டபம்னு பாக்க மாட்டேன்."

6

இப்போது எங்கள் பிரச்சினை வேறு. இருபத்திரெண்டு கால் என்று மாற்றினால் பூரானுக்குக் கால் பத்தாது, சிரிப்பும் பாதிதான் வரும். ரிபாயி கீபோர்டில் இரண்டு மாதிரியும் வாசித்துப் பார்த்துவிட்டு, "யா அல்லா, எதுக்கு மாத்தணும்? பழைய மாதிரியே தப்பாப் பாடும்மா" என்றான். "அவுக எந்திச்சு ஊருக்கே சொல்லட்டும். அதை நம்மால எழுத முடியுமா?"

இசக்கிச்செல்வி கட்டையை எடுத்தாள். கேலிப்பரில் மெதுவாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். எந்த எண்ணைப் பாடப்போகிறாள் என்று இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம் நிச்சயமாகச் சொல்ல மாட்டாள். எங்கே ஆட்டோவில் போட்டுவிடுவேனோ என்ற பயம்.

எனக்கென்னவோ அவள் தப்பாகவே பாட வேண்டும் என்று ஆசை. மகள் இப்படியே போதும் என்று உண்டியல் முன்னால் நின்று சொன்னதை, பன்னிரண்டு வருஷம் கழித்து அந்தத் தாய் ஒரு மண்டபத்துக்கே சொல்லிக் கேட்க வேண்டும். ஆனால் அது என் கையில் இல்லை. இந்தக் கதைக்கு முடிவு எழுத எனக்கு இருந்த உரிமை அந்த ஆட்டோவோடு போயிற்று.

ஆகவே வாருங்கள். சிரிப்பாக இருக்கும், பாட்டு பிரமாதம், படி ஏற வேண்டாம், வண்டியோடு உள்ளே வரலாம். முன் வரிசையில் தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருப்பாள். பூரான் பாட்டு வரும்போது அவள் எழுந்திருக்கப் பார்த்தால், முட்டு வலி, சட்டென்று முடியாது. பக்கத்து நாற்காலி உங்களுடையது என்றால் கொஞ்சம் கை கொடுங்கள்.