பின்வரிசை பற்றிச் சில வார்த்தைகள்

சொந்த மகளைப் பற்றி ஊர் கேட்க என்ன சொல்வது என்று தெரியாமல் ஒரு வாரமாக யேசுராசா தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

நியூசிலாந்தின் ஒக்லண்டில் பெரிய வகுப்புப் பள்ளிக்கூடத்தையும் கல்லூரி என்றுதான் சொல்வார்கள். லின்ஃபீல்டில் அவர்கள் வீட்டுக்கு அண்மையில் இருந்த அப்படியொரு கல்லூரியின் பெண்கள் உதைபந்து அணியில் மகள் துஷானி விளையாடினாள். நடு பாக், அதாவது பின்வரிசையின் நடுவில் நின்று மறிக்கிறவள். குளிர்காலப் போட்டிகள் தொடங்குமுன் பெற்றோரை மண்டபத்துக்கு அழைத்து, இந்த வருடம் அணி எப்படி இருக்கப்போகிறது என்று பயிற்சியாளர் சொல்வது அங்கே வழக்கம். தொண்ணூற்றாறாம் வருடம் மிஸ் ஒகில்வி அதிலே ஒரு புதுமை செய்தார். நான் பேசிப் பேசி உங்களுக்கு அலுத்திருக்கும், முன்வரிசையைப் பற்றி ஒரு பெற்றோர், நடுவரிசையைப் பற்றி ஒருவர், பின்வரிசையைப் பற்றி ஒருவர் பேசுங்கள் என்றுவிட்டார்.

பின்வரிசை யேசுராசாவின் தலையில் விழுந்தது. அது அவர் தானே தேடிக்கொண்ட வினை. பயிற்சி நாட்களில் கோலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இவள் இப்போது ஏமாறப்போகிறாள், அவள் இப்போது வழுக்கப்போகிறாள் என்று வாய் ஓயாமல் முணுமுணுப்பார். சொன்னபடியே நடக்கும். மன்னாரில் இளந்தாரியாய் இருந்தபோது கத்தோலிக்கக் கோயில் பங்கு அணிக்கு பாக் விளையாடியவர் அல்லவா. மன்னாரான் ஒருவனைப் பந்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வாயை மூடு என்றால் மூடுவானா? மிஸ் ஒகில்விக்குக் கேட்டுவிட்டது.

மற்றவர்களைப் பற்றிச் சொல்ல அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டமெல்லாம் துஷானிதான். உள்ளதைச் சொன்னால், அந்தப் பின்வரிசையே அவள்தான். எதிராளி பந்தை எங்கே தட்டப்போகிறாள் என்பது தட்டுகிறவளுக்கு முன்னால் துஷானிக்குத் தெரியும். பாய மாட்டாள், பதற மாட்டாள், பொறுத்து நின்று ஒரு காலை நீட்டிப் பந்தை எடுத்துக்கொண்டு போவாள். அந்தப் பொறுமை யேசுராசாவுக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை. விரி என்ற இடத்தில் அவர் வேலை செய்த பெயின்ற் தொழிற்சாலையில் கலவை இயந்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு மகள் பந்தெடுக்கும் விதத்தை நினைத்துத் தனியே சிரிப்பார். பெருமை அவருக்குத் தொண்டை வரைக்கும் இருந்தது. அதனால்தான் பயமும் இருந்தது.

"புளுகிப் போடாதேங்கோ," என்றாள் மனைவி டோறின், அவருடைய சேர்ட்டை அயர்ன் பண்ணிக்கொண்டே. "சனம் நிறைஞ்ச இடம். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது."

"அது எனக்குத் தெரியாதே?"

"தெரியும். ஆனா பந்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினா உங்களுக்கு வாய் நிக்காது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்செண்டு சிரிப்பாங்கள்."

இதிலே வாதாட ஒன்றும் இல்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற குடும்பம்தான். ஆனால் பெற்றவன் தன் பிள்ளையைத் தன் வாயால் புகழக்கூடாது என்பது வேதத்தில் இல்லாத பதினோராவது கட்டளை. பெற்றவன் தாழ்த்திச் சொல்வான். கேட்டுக்கொண்டிருப்பவன், சும்மா சொல்லாதேங்கோ, அவள் கெட்டிக்காரியெல்லோ என்று தூக்கிவிடுவான். அவன் வாயால் வந்தால் குற்றம் இல்லை. இருவரும் சேர்ந்து செய்கிற காரியம் அது, சாக்குக்கு இரண்டு பக்கமும் ஆள் பிடிப்பதுபோல.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பெற்றோரும் பிள்ளைகளுமாக மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையைப் பற்றிப் பேசிய வெள்ளைக்காரத் தகப்பன் தன் மகளைப் பற்றியே பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். யேசுராசாவுக்கு அவருக்காக வெட்கமாக இருந்தது. பிறகு இவர் எழுந்தார்.

சும்மா சொல்லக்கூடாது, ஆங்கிலத்தில் நன்றாகவே பேசினார். வலது பாக் லோசாவின் பக்கத்தால் மாடு வந்தாலும் திரும்பித்தான் போகும், ஆனால் பந்தைக் கொடுக்கும்போது அவசரப்படுவாள் என்றார். இடது பாக் ரேச்சல் ஓடிக் களைக்காதவள், போன இடத்திலிருந்து திரும்பிவரத்தான் நினைவூட்ட வேண்டும் என்றார். லோசாவின் தாய் கைதட்டிச் சிரித்தாள். கோல் காக்கிற கோலி, நண்பர் சோதிலிங்கத்தின் மகள் கம்சாயினி. அவளை மட்டும் வானத்துக்கு உயர்த்தினார்: இப்படிப்பட்ட கையை இந்த ஊரில் தான் பார்த்ததே இல்லை என்றார். மண்டபத்தின் நடுவில் இருந்த சோதிலிங்கம் நெளிந்தார்.

"கடைசியாக, நடுவில் துஷானி," என்றார் யேசுராசா. "என் மகள். என்ன சொல்ல? ஏதோ நிற்கிறாள். ஓட்டம் காணாது, இன்னும் வேண்டும். இடது கால் இருக்கிறதா என்று தேட வேண்டும். வேறு ஆள் கிடைக்கும்வரை வைத்துப் பாருங்கள்."

சொல்லிவிட்டு, தூக்கிவிடுகிற குரலுக்காகப் புன்னகையோடு காத்து நின்றார்.

ஒரு குரலும் வரவில்லை. யாரோ இருமினார்கள். சோதிலிங்கத்தைப் பார்த்தார், அவர் வாயைத் திறந்தார், மூடினார். மிஸ் ஒகில்வி புருவத்தை உயர்த்தி ஒருமுறை தலையை ஆட்டிவிட்டுக் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். யேசுராசா போய் உட்கார்ந்தார். எங்கேயோ ஒரு படி தவறிவிட்டது போல் இருந்தது, எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

காரில் எல்லாரும் ஒன்றாகத்தான் திரும்பினார்கள். பிள்ளைகள் இருவரும் பின்னால் டோறினோடு இருந்தார்கள்.

"என்ன லிங்கம், ஒரு வார்த்தை சொல்லக்கூடாதே?" என்று யேசுராசா தணிந்த குரலில் கேட்டார்.

"சொல்லத்தான் வாயெடுத்தனான் அண்ணை. அதை இங்கிலீஷில என்னண்டு சொல்லுறதெண்டு யோசிக்கமுந்திக் கையைத் தட்டிப்போட்டாங்கள்." பிறகு சோதிலிங்கமும் தன் பங்குக்கு ஒரு மனத்தாங்கலை எடுத்துவிட்டார். "அது கிடக்க, நீங்கள் ஏன் என்ர பிள்ளையை அந்தளவுக்குத் தூக்கினனீங்கள்? அத்தனை கண்ணும் அவளிலதான். என்ர மனுசி சரோஜா அறிஞ்சா இண்டைக்கே செத்தல் மிளகாய் சுத்திப் போடுவா. போனமுறை போட்டு வீட்டுப் புகை அலாம் அடிச்சு, தெருவே கூடிட்டுது."

துஷானி கண்ணாடிப் பக்கம் தலையைச் சாய்த்திருந்தாள். என்ன பிள்ளை பேச்சு இல்லை என்று தாய் கேட்டதற்கு, களைப்பு என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அடுத்த வியாழன் பயிற்சிக்குப் போன யேசுராசா கோலுக்குப் பின்னால் போய் நின்று பார்த்தார். நடு பாக் இடத்தில் வேறொரு பிள்ளை நின்றாள். துஷானி மைதானத்தின் மறுபக்கத்தில், மேலதிக ஆட்களோடு கூம்புகளைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். முதலில் ஏதோ புதுப் பயிற்சி என்று நினைத்தார். பயிற்சி முடியும்வரை அவள் அந்தப் பக்கமே நின்றாள். வீட்டுக்கு வரும்போது ஏன் என்று கேட்டார். "இந்த வாரம் அப்படி," என்றாள். அதற்குமேல் ஒன்றும் பெயரவில்லை.

வீட்டில் பெரிய விசாரணை நடந்தது.

"கண்ணூறு படக்கூடாதெண்டுதானே குறைச்சுச் சொன்னது. பிறகு என்னண்டு பட்டது?" என்றாள் டோறின்.

"எனக்கென்ன தெரியும்? நீர்தானே புளுகாதேங்கோ எண்டனீர்."

"புளுகாதேங்கோ எண்டனான். வேற ஆள் பாருங்கோ எண்டு சொல்லச் சொன்னனானே?"

"அது சும்மா ஒரு கதைக்கு. அதை ஆர் உண்மையெண்டு எடுப்பான்?"

கேட்டுவிட்டு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த ஆங்கிலக்காரி எடுத்திருப்பாளோ? அப்படியும் இருக்குமா? ஒரு தகப்பன் தன் பிள்ளையைப் பற்றிச் சொல்வதை அப்படியே நம்புகிற மனிதரும் உலகத்தில் உண்டா? மகளுடைய இடத்தைத் தன் வாயாலேயே பறித்துவிட்டோம் என்ற நினைப்பு யேசுராசாவின் நெஞ்சைப் போட்டு அரித்தது.

சனிக்கிழமை முதல் போட்டி. போன வருடம் கிண்ணம் எடுத்த அணியோடு. வழக்கமாகச் சனி காலையில் சான்ட்ரிங்ஹாமுக்கு மரக்கறி வாங்கப் போகிறவர் அதை மறந்துவிட்டு, எல்லாருக்கும் முதல் மைதானத்தில் நின்றார். புல் ஈரமாகக் கிடந்தது. மிஸ் ஒகில்வி பந்துகளைப் பையிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தார்.

"மிஸ், நான் அன்றைக்குச் சொன்னதை நீங்கள் பிழையாக விளங்கிவிட்டீர்கள்," என்று தொடங்கினார் யேசுராசா.

"எதை?"

"என் மகளைப் பற்றி. எங்கள் ஆட்கள் கூடாது என்று சொன்னால் நல்லது என்று அர்த்தம்."

மிஸ் ஒகில்வி நிமிர்ந்தார். "அப்படியானால் ரேச்சல் நல்லவள் என்றீர்களே? அவள் கூடாதா?"

"இல்லையில்லை. ரேச்சல் நல்லவள்தான். அது உண்மை."

"கோலி?"

"அது… உண்மைதான். கொஞ்சம் கூடிவிட்டது."

"லோசா அவசரப்படுவாள் என்றது?"

"அதுவும் உண்மை."

"அப்போது துஷானியைப் பற்றிச் சொன்னது மட்டும் பொய்."

"பொய் இல்லை, மிஸ். அது… ஒரு மரியாதை."

அந்த மனுசி பாவம், விளங்கிக்கொள்ள மனதார முயன்றது முகத்தில் தெரிந்தது. "மிஸ்டர் யேசுராசா, இங்கே வருகிற தகப்பன்மார் எல்லாரும் தங்கள் பிள்ளைதான் திறமென்று என் உயிரை எடுப்பார்கள். நீங்கள் ஒருவர்தான் நேராகப் பேசுகிறீர்கள் என்று நினைத்தேன். ஆனால் அதற்காக நான் அவளை எடுத்துவிடவில்லை. நான் நம்புவது என் கண்ணை. அவள்தான் திங்கட்கிழமை வந்து, என்னை வெளியே வையுங்கள் என்றாள்."

"அவளா?"

"அவளே. என் அப்பாவுக்குப் பந்து தெரியும், மற்ற மூன்று பேரைப் பற்றியும் அவர் சொன்னது அச்சொட்டாகச் சரி, என்னைப் பற்றிச் சொன்னது மட்டும் எப்படிப் பிழையாகும் என்று கேட்டாள். சரி, இந்த வாரம் வெளியே இரு என்றேன். அவளே வந்து விளையாடுகிறேன் என்றால் இப்போதே இறக்குவேன். நீங்கள் சொல்லி இறக்க மாட்டேன்."

துஷானி வேலியோரம் தன் பையின்மேல் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். யேசுராசா போய் அவளுக்கு முன்னால் குந்தினார்.

"பிள்ளை, நான் சொன்னதை நீ நம்பிட்டியே? அது சும்மா. ஊர் வழக்கம். பெற்ற தகப்பன் தன்ர பிள்ளையைப் புளுகக்கூடாது."

அவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னாள். குரல் உயரவில்லை.

"அப்படியென்றால் பியானோச் சோதனை பாஸ் பண்ணினபோது கோயில் வாசலில் எல்லாருக்கும், ஏதோ தப்பிவிட்டாள் என்று சொன்னீர்களே?"

"அதுவும் அப்பிடித்தான்."

"மாமியோடு போனில் கதைக்கும்போதெல்லாம், அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஏதோ இருக்கிறாள் என்பீர்களே?"

"ஓம், அதுவும்."

"அம்மாவும்?"

"அம்மாவும்தான். ஆனா கேட்கிற ஆக்கள் உடனே இல்லையில்லை, அவள் கெட்டிக்காரி எண்டு சொல்லுவினமே. அது உனக்குக் கேட்கேல்லையே?"

"கேட்டது," என்றாள் துஷானி. "அவர்கள் என்மேல் இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். சின்னதிலிருந்தே."

யேசுராசா எண்ணிப் பார்த்தார். எத்தனை ஞாயிறு, எத்தனை பிறந்தநாள், எத்தனை போன். ஒவ்வொரு முறையும் பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். கண்ணூறு படாமல் காத்தேன், காத்தேன் என்று நினைத்துக்கொண்டே அவளை வாயால் அடித்திருக்கிறார். கண் கலங்கியது. அதை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

"நீதான் இந்த டீமில திறமான பாக்," என்றார். நாக்கு கூசியது. "என்னைவிடத் திறம். நான் விளையாடின காலத்தில உன்னை மாதிரி ஒருத்தரையும் பாக்கேல்ல."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "இது உண்மையா, இல்லை இப்போது இது வழக்கமா?"

நியாயமான கேள்வி. எதைச் சொல்லி நிரூபிப்பது? சத்தியம் செய்தால் நம்புவாளா? அந்தோனியார் வந்து சாட்சி சொல்வாரா? யேசுராசா ஈரப்புல்லில் முழங்காலை ஊன்றியபடி யோசித்தார். பிறகு, அதுவரை ஒருநாளும் யாருக்கும் சொல்லாததைச் சொன்னார்.

"உன்னட்டக் குறை இருக்கு. நான் அண்டைக்குச் சொன்னதில்லை. ஓட்டம் காணும், இடது காலும் காணும். தலையால பந்தை அடிக்கேக்க கண்ணை மூடுறாய். ஒவ்வொருமுறையும். அதால பந்து எங்க போகுதெண்டு உனக்குப் பிறகுதான் தெரியுது. பிறகு, ஒரு பந்தை வடிவா எடுத்திட்டா அந்தச் சந்தோசத்தில கொஞ்சம் அப்பிடியே நிண்டிடுவாய். அதுக்குள்ள அடுத்தவள் வந்திடுவாள்."

துஷானியின் வாய் மெல்லத் திறந்தது. கண்ணை மூடுவது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள் போலும். பிடிபட்டவள்போல ஒரு சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் சேர்ந்து வந்தது. புறங்கையால் மூக்கைத் துடைத்தாள்.

நடுவர் மைதானத்தின் நடுவுக்கு நடக்கத் தொடங்கிவிட்டார். துஷானி எழுந்தாள். எழுந்தவள் போகவில்லை.

"அப்பா," என்றாள், தமிழில். "குறைகளுக்கு முதல் சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங்கோ."

வேலியடியில் சோதிலிங்கமும் டோறினும் லோசாவின் தாயும் வந்து நின்றார்கள். அத்தனை பேரின் கண்ணும் இங்கேதான். யேசுராசா முழங்காலை நிமிர்த்தி எழுந்து, மைதானத்தின் அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். டோறின் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

துஷானி தலையை ஆட்டிவிட்டு மிஸ் ஒகில்வியிடம் ஓடினாள்.