மிச்சம் இரண்டு நாள்

கட்டம் போட்ட நோட்டு ஒன்று எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் ஐந்து வருடம் கிடந்தது. என் கணவர் இந்த நாட்டை விட்டு வெளியே போன ஒவ்வொரு நாளையும் அதில் குறித்து வைத்தவள் நான்தான். சட்டம் அப்படி. நிரந்தரக் குடியிருப்பு வேண்டுமென்றால் ஐந்து வருடத்தில் நூற்றெண்பது நாளுக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. ஒரு நாள் கூடினாலும் மறுபடி முதலிலிருந்து ஐந்து வருடம். எங்களுக்கு மனு எழுதித் தந்த ஃபார்ம் அங்கிள் இதை மூன்று முறை சொல்லியிருந்தார். நானும் மண்டையில் ஆணி அடித்த மாதிரி வைத்துக்கொண்டேன்.

மனு போட ஏழு மாதம் இருந்தபோது ஒரு காலையில் மாமியார் இறந்துபோனார். இவர் வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு, ஒரு காலில் ஷூவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"போயிட்டு வந்துடறேன். ஆனது ஆகட்டும்."

நான் நோட்டை எடுத்து வந்து முன்னால் விரித்தேன். நூற்று எழுபத்தெட்டு நாள் செலவாகியிருந்தது. மிச்சம் இரண்டு. விமானம் மாறி மாறி ஊர் போய்ச் சேரவே ஒன்றரை நாள் ஆகும். அந்த நூற்று எழுபத்தெட்டில் நாற்பத்தைந்து நாள் என் தங்கை கல்யாணத்துக்குப் போனவை. பதினைந்து நாளில் திரும்பலாம் என்றார் இவர். வந்ததுதான் வந்தோம், இருந்துவிட்டுப் போகலாம் என்று பிடித்து இழுத்து வைத்தவள் நான். அந்தப் பக்கத்தை மட்டும் நான் திருப்பிக் காட்டவில்லை.

"ஏங்க, இப்ப போனா அஞ்சு வருஷமும் தண்ணியில போச்சு. புள்ள படிப்பு என்னாகும்? நீங்க போயி நின்னா அத்தை எழுந்து உக்காந்து உங்கள பாக்கப் போறாங்களா?"

இதைச் சொன்ன வாய் இதுதான். யார் மேலும் பழி போட முடியாது.

இவர் இன்னொரு ஷூவையும் மாட்டிக்கொண்டு பேக்கரி தொழிற்சாலைக்குப் போய்விட்டார். வீட்டில் இருந்தால் கிளம்பிவிடுவோம் என்ற பயம். பத்து மணிக்கு நாத்தனார் கூப்பிட்டாள். "அண்ணனுக்காக நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் வச்சிருக்கோம் அண்ணி. எந்த விமானம்?" அவரால் வர முடியாது என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு இந்த வீட்டுக்கு அவளிடமிருந்து போன் வரவில்லை.

மனு போட்டோம். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். சின்ன அறை, அதிகாரி அம்மா, மேஜை மேல் ஒரு போன். அந்தப் போனுக்குள் தமிழ் பேசும் மொழிபெயர்ப்பாளர். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. திடீரென்று அந்த அம்மா மனுவையும் பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் புரட்டினார்.

"மேடம் கேக்குறாங்க சார், அம்மா இறந்த தேதி போட்டிருக்கீங்க. ஆனா அந்த மாசம் நீங்க வெளிய போன முத்திரை இல்லை. வேற பாஸ்போர்ட் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"இல்லங்க. நான் போகல."

"பெத்த அம்மாவுக்கு யாராவது போகாம இருப்பாங்களான்னு கேக்குறாங்க. மறைக்க வேண்டாம் சார். அப்பா அம்மா இறந்து போனா அதுக்குப் போற நாளை சட்டம் கணக்கில சேர்க்காது. விதிவிலக்கு இருக்கு. அதனால உண்மையைச் சொல்லிடுங்கன்னு சொல்றாங்க."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலாம். சும்மா பார்த்தார்.

போகவில்லை என்பதை நிரூபிக்க இரண்டு வாரம் அவகாசம் தந்தார்கள். வேலைக்கு வந்த பதிவேடு ஒன்று. சாவு வீட்டில் இருந்த சொந்தக்காரர் எழுதித் தரும் கடிதம் ஒன்று.

வெளியே வந்ததும் ஃபார்ம் அங்கிளைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார். "சாவுன்னு நீங்க கேக்கவே இல்லையேம்மா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே." உண்மைதான். அன்றைக்கு ஒரு போன் போட்டுக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. நோட்டுதான் இருக்கிறதே என்ற திமிர்.

பதிவேடு கிடைத்துவிட்டது. அம்மா செத்த அன்று காலை ஆறே காலுக்கு இவர் விரல் ரேகை வைத்து உள்ளே போயிருக்கிறார், மாலை ஏழுக்கு வெளியே வந்திருக்கிறார். கடிதத்துக்கு நாத்தனாரை விட்டால் வேறு நாதியில்லை. மானத்தை விட்டு நானே கூப்பிட்டேன்.

"அண்ணன் வரலைன்னு எழுதணும், அவ்வளவுதானே?"

"ஆமாம்மா."

"தாராளமா எழுதித் தரேன் அண்ணி."

மறுபடி வரச் சொன்ன நாளுக்கு முந்தின நாள்தான் உறை வந்து சேர்ந்தது. இவர் அதை என்னிடம் தரவில்லை. அங்கே போன பிறகு, சத்தமாகப் படியுங்கள், மொழிபெயர்ப்பாளர் சொல்லட்டும் என்றார் அதிகாரி அம்மா. இவர் பிரித்தார். மூன்று தாள்.

"என் அம்மாவை எடுத்த அன்று என் அண்ணன் வரவில்லை. இது உண்மை. கீழே கையெழுத்துப் போட்டிருக்கும் நாங்கள் எல்லோரும் அங்கே இருந்தோம்."

பிறகு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் உறவு. சித்தப்பா, தாய்மாமா, பெரியம்மா, எதிர்வீட்டுக்காரர், வண்டி ஓட்டியவர்.

"சார், போதுமாம். ஒருத்தர் கையெழுத்தே போதும்னு மேடம் சொல்றாங்க."

இவர் நிறுத்தவில்லை. முப்பத்தெட்டு பேரையும் படித்தார். நான் கையைப் பிடித்தேன், உதறினார். கடைசிப் பெயர் நாத்தனார் கணவருடையது. அதற்குப் பக்கத்தில் உறவோடு இன்னும் ஒரு வரி இருந்தது. அதை இவர் முணுமுணுத்தார்.

"சரியா கேக்கல சார். அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை சொல்லுங்க."

இவர் போன் பக்கம் குனிந்து சத்தமாகப் படித்தார்.

"மாப்பிள்ளை. மகன் செய்ய வேண்டியதைச் செய்தவர்."

 போனுக்குள் இருந்தவர் அதையும் மொழிபெயர்த்தார். அதிகாரி அம்மா முத்திரையை எடுத்துக் குத்தினார்.

"மேடம் வாழ்த்து சொல்றாங்க சார். இனிமே நீங்க எப்ப வேணாலும் ஊருக்குப் போயிட்டு வரலாமாம்."