என் பாட்டுக்கு

என் நாவல்களில் எதுவுமே நடப்பதில்லை என்று விமர்சகர்கள் எழுதுவார்கள். ஆட்கள் மட்டும் ஏராளமாக நடப்பார்கள். மலை ஏறுவார்கள், காடு தாண்டுவார்கள், போகிற வழியெல்லாம் வாழ்க்கையைப் பற்றி யோசிப்பார்கள். இத்தனையையும் நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துதான் எழுதினேன். தெருமுனைக் கடைக்குக்கூட வண்டியில் போகிறவள் நான்.

அதனால், மலைப்பாதையில் ஒரு வாரம் நடந்துவிட்டு வரலாமா என்று நான் கேட்டதும் என் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம், சரி, வருகிறேன் என்றாள்.

அவள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். தொண்டையில் குரல் நாணில் சின்னதாக ஒரு முடிச்சு வந்து, ஆபரேஷன் செய்து எடுத்திருந்தார்கள். பேச்சு பழையபடி வந்துவிட்டது. இனிமேல் தாராளமாகப் பாடலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அவள்தான் பாடவில்லை. ஒரே ஒரு தடவை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பார்த்தாளாம். குரல் நடுவில் உடைந்துவிட்டதாம். அதோடு வாயை மூடியவள்தான். விடுமுறை முடிவதற்குள் வேலைக்கு வருகிறாயா இல்லையா என்று சொல்லிவிடு, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்டிருந்தார். நடந்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவதாக இவள் வாக்குக் கொடுத்திருந்தாள். ஆனால் கிளம்புவதற்கு முன்பே பாட்டு வகுப்புக்குப் போய், கீபோர்டுக்கு உறை போட்டு, அலமாரிச் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். பாடாத தங்கையோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று எனக்குத் தெரியாது.

நடந்தால் சிந்தனை ஊறும் என்று நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். முதல் நாளே குட்டு வெளிப்பட்டது. நாள் பூராவும் என் மனதில் இருந்தது இடது கால் சாக்ஸில் விழுந்த ஒரு மடிப்பு. சாயங்காலம் தங்கும் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது அது கொப்புளமாகியிருந்தது. அடுக்குக் கட்டிலில் மேல்தட்டு அவளுக்கு, கீழ்த்தட்டு எனக்கு. தலைக்கு மேலே கொடியில் யார் யாருடைய சாக்ஸோ சொட்டிக்கொண்டிருந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. கூப்பிட்டவளே நான்தான் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் முதல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கியது. வேறு வழி தெரியாமல் பாட ஆரம்பித்தேன். வாயில் வந்தது ஏழாம் வாய்ப்பாடு. கணக்கு டீச்சர் கெஞ்சிக் கேட்டதற்காக என் தங்கையே மெட்டுப் போட்ட பாட்டு அது. பிள்ளைகள் பரீட்சை ஹாலில் அதை முணுமுணுத்து மாட்டிக்கொள்வார்கள்.

ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று இரண்டு வரி போனதுமே கால் தன் பாட்டுக்கு நடக்க ஆரம்பித்தது. நான் என் பாட்டுக்குப் பாடினேன். கொப்புளம் அங்கேயேதான் இருந்தது, ஆனால் அடுத்த வீட்டுக்காரருடைய கொப்புளம் மாதிரி இருந்தது. அந்தப் பாட்டின் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. நான் எழுதிய எந்தப் பத்தியும் யாரையும் ஒரு மேட்டில் ஏற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டதில்லை.

பின்னால் வந்தவர்கள் எல்லாரும் எங்களை விறுவிறுவென்று தாண்டிப் போனார்கள். தாளம் அவர்களுக்கும் ஏறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முன்னால் நடந்த தங்கை அவ்வப்போது தோளைக் குறுக்கினாள். கொஞ்சம் தண்ணீர் குடியேன் என்று அடிக்கடி பாட்டிலை நீட்டினாள். என்ன கரிசனம் என்று உருகிப்போனேன். குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பாடினேன். இப்படியே நாட்கள் போயின.

கடைசி ஏற்றம் செங்குத்தாக இருந்தது. பாதி ஏறியதும் தங்கை சட்டென்று நின்று, முதுகுப் பையைத் தரையில் போட்டாள்.

"அக்கா, ஐயேழு மேல போகணும். நீ ஒவ்வொரு தடவையும் அதைக் குழியில தள்ளுற."

"மேலதானே போனேன்?"

"எங்க போன? இப்படி."

சொல்லிவிட்டுப் பாடினாள். ஐயேழு முப்பத்தஞ்சு. பழைய குரல் இல்லை. ஓரத்தில் கரகரவென்று இருந்தது. ஆனாலும் மேலே போய் நின்றது. என் கையிலிருந்த கோல் நழுவியது. இப்போது நீ பாடு என்றாள். பாடினேன். தலையில் அடித்துக்கொண்டு முதலிலிருந்து அவளே பாடினாள். ஐயேழில் குரல் உடைந்தது. டீச்சர் கோபத்தில் இருந்தவள் அதைக் கவனிக்கவில்லை. மறுபடி எடுத்து, ஆறேழு, ஏழேழு என்று போய்க்கொண்டே இருந்தாள். எட்டேழுக்கு வந்தபோதுதான் தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கே உறைத்தது. தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

உச்சியில் பாறை மேல் உட்கார்ந்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகள் முன்னால் இப்படி உடைந்தால் என்ன செய்வேன் என்று கேட்டாள். நான் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினேன். அவள் ஒரு மடக்குக் குடித்தாள்.

"எனக்காகத்தானேக்கா இத்தனை நாளா வேணும்னே தப்பா பாடின? நான் பாடணும்னுதானே?"

பொய் சொல்லியே பிழைக்கிறவள் நான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆயுளுக்கும் தெய்வமாகிவிடலாம். ஆனால் எனக்கும் ரோஷம் இருக்கிறது. அவ்வளவு உருகிப் பாடியிருக்கிறேன்.

"தப்பாவா? நான் நல்லாத்தான்டி பாடினேன்."

என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். சத்தியமாகவா என்று கேட்டாள். சத்தியமாக என்றேன். பாறையில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்காமல், அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் உம்மென்று இருந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துத் தலைமையாசிரியையைக் கூப்பிட்டாள்.

"மேடம், நான் வர்றேன்," என்றாள். குரல் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டிருக்க வேண்டும். என்னை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"எங்க அக்கா குரலுக்கு இது எவ்வளவோ தேவலை மேடம்."