சம்பளத்தைக் குறைக்கச் சொன்ன மனு

யுத்தத்தால் அரிசி விலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்த வருஷம். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு சர்க்கார் சரக்குக் கிட்டங்கி ஆபீஸைப் பெருக்கிவந்த சுடலைமாடத்திக்கு மாதச் சம்பளம் பதினாலு ரூபாய். குறைந்த சம்பளக்காரர்களுக்கு மூன்று ரூபாய் பஞ்சப்படி என்று உத்தரவு வந்தபோது, பெருக்குகிற பெண்கள் எட்டுப் பேரில் அவள்தான் முதலில் கைநாட்டு வைத்தாள்.

ஒரே மாதம் வாங்கினார்கள். அடுத்த சம்பளத்தன்று, நாசரேத்துக்காரக் கிளார்க் ஜெபசிங் தலையைச் சொறிந்தான்.

"இனிமே ஒங்களுக்குப் படி கெடையாதுளா. பதினஞ்சு ரூவா வரைக்கும் வாங்குதவங்களுக்குத்தான். நீங்க போன மாசம் பதினேழு வாங்கிட்டிய."

"அதுல மூணு நீங்க குடுத்ததுதான ஐயா?"

"யாரு குடுத்தா என்ன? வாங்கினது நீதான?"

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சுடலைமாடத்தி விரல்விட்டு எண்ணினாள். மறுநாள் காலையில் அவன் மேசை முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, என் சம்பளத்துல ரெண்டு ரூவாயக் கொறைக்கச் சொல்லி ஒரு மனு எழுதுங்க. பன்னெண்டும் மூணும் பதினஞ்சு. எனக்கு ஒரு ரூவா லாபம்."

ஜெபசிங் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதினான். கக்கூஸுக்குக் கதவு கேட்டு அவள் கொடுத்த மனு மூன்று வருஷமாகக் கிடந்தது. இதில் மட்டும் ஆபீஸ் துரை மத்தியானத்துக்குள் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் அவள் கையில் பதினைந்து ரூபாய். அதைப் பார்த்து, கூடப் பெருக்குகிற ஜெயபாயும் மற்ற ஆறு பேரும் அதே மனுவைக் கொடுத்தார்கள். துரைக்கு உள்ளம் பூரித்துவிட்டது. 'சம்பளம் அதிகம் என்று தொழிலாளிகளே திருப்பித் தருகிறார்கள். இங்கே கஷ்டம் என்பதே இல்லை' என்று மேலிடத்துக்கு எழுதினார். மேலிடமும் மகிழ்ந்தது. கஷ்டமில்லாத இடத்துக்குப் பஞ்சப்படி எதற்கு என்று அதை நிறுத்தியது. குறைத்த சம்பளம் குறைத்ததுதான்.

அந்த உத்தரவு வந்தது இருபத்தாறாம் தேதி.

"ஒன் புத்தியக் கேட்டு எங்க வயித்துல மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டோம்ளா" என்று ஜெயபாய் எல்லோர் முன்னாலும் கத்தினாள். அன்று ராத்திரி சுடலைமாடத்தி மறுபடியும் விரல்விட்டு எண்ணினாள்.

மறுநாள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துகொண்டாள். ஜெபசிங் ஓடிவந்தான்.

"ஏளா, பெருக்கலியா?"

"பன்னெண்டு ரூவா வேல நேத்தோட முடிஞ்சிட்டு ஐயா. மாசத்துல பாக்கி நாலு நாளு, ரெண்டு ரூவா வேலதான் கெடக்கு. அதுக்குத்தான் சம்பளம் இல்லியே."

சற்று நேரத்தில் மற்றவர்களும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஜெயபாய் மட்டும் நாலடி தள்ளி உட்கார்ந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே கப்பலிலிருந்து நிலக்கரி இறங்கிக்கொண்டிருந்தது. முதல் நாள் ஃபைல்கள் கறுத்தன. மூன்றாம் நாள் துரையின் வெள்ளைக் கோட்டு கறுத்தது. நாலாம் நாள் தும்மலுக்கு நடுவே அவர் கையெழுத்துப் போட்டார். குறைத்த சம்பளத்தைத் திருப்பிக் கொடுக்க விதியில் இடமில்லையாம். அதனால் அந்த இரண்டு ரூபாய்க்குத் 'தூசிப்படி' என்று பெயர் வைத்திருந்தார்.

பஞ்சப்படி போனது போனதுதான். சுடலைமாடத்தியிடம் ஜெயபாய் முகம் கொடுத்துப் பேச இன்னும் ஒரு வாரம் ஆயிற்று.